மக்கெரேரேயின் ஐந்து கூற்றுகள்: ஓர் உரை

உகாண்டா விடுதலை பெறுவதற்கு முந்தைய ஆண்டான 1961இல், கம்பாலாவின் மக்கெரேரே பல்கலைக்கழகக் கல்லூரியில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வியாளர்கள் கூடினார்கள். அவர்களுடைய அறிக்கையின் சாரத்தை 1992இல் மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் ஐந்து கூற்றுகளாக வடித்து, ஐந்துமே பிழை என்றார். அவற்றை இங்கே என் சொற்களில் தருகிறேன். பார்வைக்குப் பாட உத்திகள். உள்ளே இருப்பதோ யாருக்கு மதிப்பு, யாருக்கு இல்லை என்ற தீர்ப்பு.

*ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும்.*

பிள்ளையின் மொழி வகுப்பறை வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பது கருத்து. காதில் ஆங்கிலம் நிறைய விழட்டும் என்ற அளவில் இதில் நியாயம் உண்டு. அது தடையாக மாறும்போது தண்டனையும் கூடவே வந்துவிடுகிறது. தம் கென்யப் பள்ளியில் கிகூயு பேசி அகப்பட்ட பிள்ளைகள் பிரம்படி வாங்கியதையும், இழிவான வாசகம் பொறித்த தகட்டைச் சுமந்ததையும் எழுத்தாளர் கூகி வா தியாங்கோ எழுதியிருக்கிறார். (மாநாடு நடந்தபோது அவர் அதே கல்லூரி மாணவர்!) ஆசிரியரையும் இந்தக் கூற்று விடுவதில்லை. விழிக்கும் பிள்ளைக்கு அதன் மொழியில் ஒரு வரி விளக்கியவர், ஏதோ திருட்டுத்தனம் செய்ததுபோலக் கூசுகிறார்.

*ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர்.*

ஐந்தில் கொடியது இதுதான். மற்றவை எப்படி, எப்போது, எவ்வளவு என்கின்றன. இது பிறப்பை விசாரிக்கிறது. எத்தனை படித்தாலும் எட்ட முடியாத ஒன்றைத் தகுதி என்கிறது. தென்கொரியாவில் வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்கான இ-2 விசா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே. ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்த சிங்கப்பூர்க்காரர் அந்த ஏழில் இல்லை. ஹங்கேரியரான பீட்டர் மெட்யெஷ் 1994இல் இதற்கு ஒரு நூலாகவே பதில் எழுதினார்: தானும் தடுக்கி விழுந்து கற்றவருக்கே மாணவர் எங்கே தடுக்குவார் என்பது தெரியும். ஆங்கிலம் கற்பிப்போரின் பன்னாட்டு அமைப்பான டெசோல் சங்கமும் 2006இல் இந்தப் பாகுபாடு தவறென அறிவித்தது. ஆனாலும் வேலை விளம்பரங்கள் முழுக்க மாறிவிடவில்லை. உள்ளூர் ஆசிரியர்களிலேயே பலர் தம்மை இரண்டாந்தரம் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத் தீர்மானம் போட்டு நீக்க முடியுமா என்ன?

*சீக்கிரம் தொடங்கினால் நல்லது. எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.*

மூன்றையும் நான்கையும் சேர்த்தே படிக்கலாம். பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸ் குழுவினர் செய்த ஆய்வில், அதே மணிநேரப் பாடத்துக்குப் பிறகு, 8 வயதில் தொடங்கியவர்களை 11 வயதில் தொடங்கியவர்கள் முந்தியிருந்தார்கள். மழலையர் பள்ளி விளம்பரம் எழுதுவோர் கவனிக்கட்டும்.

*பிற மொழிகள் புழங்கினால் ஆங்கிலத்தின் தரம் குறையும்.*

தலை ஒரு மரக்கால், ஒரு தானியத்தைக் கொட்டினால் மற்றது வழிந்துவிடும் என்ற கணக்கு. தாய்மொழியில் பெற்ற எழுத்தறிவு இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்று மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979 முதலே வாதிட்டுவந்தார். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூலில் வரும், அவரே ஆங்கிலம் கற்பித்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வகுப்பு. போர்க்காலம், கையில் அமெரிக்கப் பாடநூல். அதன் ஓரங்களில் மாணவர்கள் தமிழில் பொருள் குறித்திருந்தார்கள், படம் கிறுக்கியிருந்தார்கள், போராட்டக் கோஷங்களும் எழுதியிருந்தார்கள். பாடநூல் நீட்டிய உலகத்துக்கு அவர்கள் காட்டிய எதிர்ப்பை அவர் அதில் படித்தார். அதற்காக அவர்கள் ஆங்கிலத்தை வேண்டாம் என்றவர்கள் அல்லர். தேர்வுக்கு வேண்டிய இலக்கணத்தை அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டவர்களும் அவர்களே.