செவன்ஸ் கால்பந்துத் திடலும் வெளியூர் ரசிகரும்

செவன்ஸ் என்பது அணிக்கு 7 பேர் வீதம், வழக்கமான ஆடுகளத்தைவிடச் சிறிய களத்தில், பெரும்பாலும் அரைமணி நேரம் கொண்ட இரு பாதிகளாக ஆடப்படும் கால்பந்து ஆகும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் வேரூன்றி, கோழிக்கோடு, பாலக்காடு, திருச்சூர், கண்ணூர்ப் பகுதிகளிலும் பரவியுள்ள இவ்வாட்டத்துக்கு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் கிடையாது. கூட்டமைப்பில் பதிவு பெற்ற ஆட்டக்காரர் செவன்ஸ் களத்தில் இறங்குவது விதிமீறலாகவே கருதப்படுகிறது. ஆயினும் சுவரொட்டிகளும் நுழைவுச் சீட்டுகளும் இப்போட்டிகளை ‘அகில இந்திய செவன்ஸ்’ என்றே குறிப்பிடுகின்றன. இவற்றை ஒழுங்குபடுத்துவதற்கெனச் செவன்ஸ் அமைப்பாளர்கள் தமக்கென ஒரு தனிச் சங்கமும் வைத்துள்ளனர்.

இங்கிலாந்தில் ‘நான்-லீக்’ எனப்படும் கால்பந்தோடு செவன்ஸை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் அந்த ஒப்பீடு பாதிதான் பொருந்தும். அந்நாட்டில் பிரீமியர் லீகின் 20 அணிகளும், அதற்குக் கீழுள்ள மூன்று பிரிவுகளின் 72 அணிகளும் சேர்ந்த 92 அணிகளுக்குக் கீழே இருப்பவையெல்லாம் நான்-லீக் அணிகள் என்று அழைக்கப்பட்டாலும், அவையும் ஒரே ஏணியின் தாழ்ந்த படிகளில்தான் நிற்கின்றன. 2002இல் ரசிகர்களே கூடித் தொடங்கிய ஏ.எஃப்.சி. விம்பிள்டன் அணி அந்த ஏணியில் படிப்படியாக ஏறி, 2011இல் 92 அணிகளின் வரிசைக்குள் நுழைந்தது. கீழ்ப்படித் திடல்கள் பலவற்றில் இரு தரப்பு ரசிகர்களைப் பிரிக்கும் வேலி இல்லாததால், இடைவேளையில் ரசிகர்கள் தங்கள் அணி அடுத்துக் கோல் போடவேண்டிய பக்கத்துக்கு நடந்து சென்று நின்றுகொள்வார்கள். 2018இல் லண்டனில், ஃபிஃபாவில் இடம்பெறாத 16 அணிகளுக்காக நடந்த கோனிஃபா உலகக் கோப்பையில் தமிழீழ அணி ஆடியபோது, புலம்பெயர்ந்த தமிழர்களுக்கும் இத்தகைய திடல்களில் அமரும் வாய்ப்பு அமைந்தது. அப்போட்டித் தொடரின் ஆட்டங்கள் ப்ராம்லி, என்ஃபீல்ட் முதலிய அப்போதைய நான்-லீக் அணிகளின் திடல்களில்தான் நடத்தப்பட்டன.

செவன்ஸில் இந்த ஏணியே கிடையாது. மேலேறுவதற்கும் கீழிறங்குவதற்கும் பிரிவுகள் இல்லாததோடு, பெரும்பாலான அணிகளுக்குச் சொந்தத் திடல் என்ற ஒன்றும் இல்லை. ஓர் ஊரின் இளைஞர் மன்றமோ விளையாட்டு மன்றமோ போட்டியை அறிவித்து, களம் அமைத்து, அணிகளை அழைக்கிறது. அழைக்கப்படும் அணிகளோ சூப்பர் ஸ்டுடியோ மலப்புறம், ராயல் டிராவல்ஸ் கோழிக்கோடு, லின்ஷா மெடிக்கல்ஸ் மண்ணார்க்காடு என்றவாறு, செலவை ஏற்கும் கடையின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்துத் தாங்கியவை. ஓர் அணி இன்றிரவு ஓர் ஊரிலும் மறுநாள் இன்னோர் ஊரிலும் ஆடும். பருவம் முழுவதும் அதற்கு எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டமே. இதன் விளைவாக, வெளியூர் ரசிகர் என்ற சொல்லுக்கு இங்கே வேறு பொருள் பிறந்துவிடுகிறது. இங்கிலாந்தில் தன் அணியைத் தொடர்ந்து பிறரின் திடலுக்குச் செல்பவர் எண்ணிக்கையில் சிறுபான்மையினர்; திடலுக்கு உரியவர்கள் எதிரணியின் ரசிகர்கள். செவன்ஸில் திடலுக்கு உரிய ஊரார் பல இரவுகளில் களத்திலுள்ள இரண்டு அணிகளில் எதையும் சேர்ந்தவர்களல்லர். நல்ல ஆட்டம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கைதட்டுபவர்கள். தமிழகத்தின் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் இரவு விளக்கொளியில் நடக்கும் கபடிப் போட்டிகளைக் கண்டவருக்கு இந்த ஏற்பாடு புரிய நேரமாகாது. நடுநிலையான ஊர் என்பது ரசிகருக்கு ஒரு வசதி. அதுவே அணிக்கு ஒரு குறை என்றும் சொல்ல வேண்டும், ஏனெனில் தோற்றாலும் விட்டுப்போகாத கூட்டம் சொந்தத் திடலில்தான் வளர்கிறது.

மலப்புறத்துக்குக் கால்பந்து வந்தது அங்கு முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படையினர் வழியாக என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. 1921இல் உருவான மலபார் சிறப்புக் காவல் படையும் ஆட்டத்தை வளர்த்தது. அறுவடை முடிந்த வயல், பள்ளித் திடல், நகராட்சி மைதானம் எனக் கிடைத்த இடத்தில், வடகிழக்குப் பருவமழை ஓயும் நவம்பர் வாக்கில் தொடங்கி, தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய மே வரை போட்டிகள் நீள்கின்றன. களத்தைச் சுற்றிக் கமுகு மரத் தண்டுகளையும் மூங்கிலையும் கட்டி எழுப்பும் படிவரிசை மேடைக்குக் ‘கேலரி’ என்று பெயர். பருவம் முடிந்ததும் அது பிரிக்கப்பட்டுவிடும் என்பதால், சென்ற ஆண்டு பார்த்த திடலை இந்த ஆண்டு அதே உருவில் காண இயலாது. வசூலின் ஒரு பகுதி நோய்த்தணிப்புச் சிகிச்சை மையங்கள் போன்ற அறப்பணிகளுக்குச் செல்வதும் உண்டு. பெரிந்தல்மன்னாவின் காதரலி கோப்பை நெடுங்காலமாக நடைபெறும் போட்டிகளுள் ஒன்று.

அணிகள் நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் முதலிய நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைக்கின்றன. எந்த நாட்டவராயினும் அவர்களை ‘சுடானி’ என்று அழைக்கும் உள்ளூர் வழக்கிலிருந்து, 2018இல் ஜகரியா இயக்கிய ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ திரைப்படத்தின் பெயர் பிறந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்மீது ஊரார் கொண்டதாகப் படம் காட்டும் அன்பு உண்மையாயினும், அது முழு உண்மையன்று. 2024 மார்ச்சில் அரீக்கோடு பகுதியில் ஐவரி கோஸ்ட் ஆட்டக்காரர் ஒருவர் கூட்டத்தால் துரத்தித் தாக்கப்பட்டு, நிறவெறி வசவுக்கும் ஆளானதாகக் காவல்துறையிடம் முறையிட்டார்.

பாதுகாப்பே செவன்ஸ் திடலின் மிகப் பலவீனமான பக்கம். 2022 மார்ச் 19 அன்று இரவு மலப்புறம் மாவட்டத்தின் பூங்கோட்டில் தற்காலிகக் கேலரி சரிந்து ஏறத்தாழ 200 பேர் காயமுற்றனர். 2025 பிப்ரவரியில் அரீக்கோட்டுக்கு அருகே ஆட்டத்துக்கு முன் கொளுத்திய வாணவேடிக்கை கூட்டத்துக்குள் பாய்ந்து 30 பேருக்கு மேல் காயமுற்றனர். நிரம்பி வழியும் கேலரியின் உச்சிப் படியைத் தவிர்த்து, களத்தை ஒட்டிய தரைப் பகுதியில் நிற்பது புதிதாக வருபவருக்கு நல்லது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து செவன்ஸ் பார்க்கப் புறப்படுபவருக்கு, அங்குள்ள காமயகவுண்டன்பட்டியிலிருந்து குமுளி மலைச்சாலை அருகிலேயே இருந்தாலும், அது கோட்டயம் வழியாகச் சுற்றி இழுக்கும். தேனி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு என்று சமவெளியில் செல்வதே மலப்புறத்துக்கு எளிய வழி. பாலக்காட்டிலிருந்து கோழிக்கோடு நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் மண்ணார்க்காடு, பெரிந்தல்மன்னா, மலப்புறம் ஆகிய மூன்று செவன்ஸ் ஊர்களும் வரிசையாக அமைந்துள்ளன. ரயிலில் வருபவர் ஷொரணூரில் மாறி, நிலம்பூர்த் தடத்தில் அங்காடிப்புரத்தில் இறங்கினால் பெரிந்தல்மன்னா பக்கத்திலேயே இருக்கிறது. இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறிச் சென்று கூலி வேலை பார்த்துத் திரும்பும் பள்ளத்தாக்கு மக்களுக்கு மலையாளம் அந்நிய மொழியாகாது என்பதால், ஒலிபெருக்கியில் அலறும் வர்ணனை அவர்களுக்குத் தடையாக இராது. ஆட்டம் இரவு உணவு நேரத்துக்குப் பின்னரே சூடுபிடிப்பதால், முடிந்தபின் ஊர் திரும்பப் பேருந்து கிடைப்பது அரிது. அன்றிரவு தங்குவதற்கு இடம் பார்த்துக்கொண்டே திடலுக்குச் செல்ல வேண்டும்.