லயத்து நாயின் குலமுறை

விசயன் இலங்கையில் இறங்கிய கதையைக் கூறும் மகாவம்சம், அவனுடைய ஆட்களுக்கு ஒரு பெண்நாய் எதிர்ப்பட்டதென்கிறது. அது குவேனியின் பணிப்பெண்ணாகிய யட்சினி எடுத்த உருவம். நாய் உள்ள இடத்தில் ஊரும் இருக்கவேண்டுமென்று எண்ணி ஒருவன் அதன்பின்னே சென்றான். கதை எவ்வாறாயினும், அதனை எழுதிய தேரர் ஓர் உண்மையை அறிந்திருந்தார். நாய் காட்டுக்குரியதன்று, மனிதனுக்குரியது.

இலங்கைக் காடுகளில் ஓநாய் இல்லை. எங்கள் இறப்பர்த் தோட்டங்களின் எல்லையில் இரவில் ஊளையிடுவது நரியே. நாய்களுட் பல நரியின் வழிவந்தன என்று கொன்ராட் லோரன்சு போன்ற பேரறிஞரும் ஒருகாற் கருதினர். 1997இல் வெளியான மரபணு ஆய்வு ஓநாயையே மூதாதையெனக் காட்டிற்று. ஆகவே இத்தீவின் நாய், மனிதன் அழைத்துவந்த நாயே. அவன் அதனை எப்போது அழைத்துவந்தான்? இரத்தினபுரி மாவட்டத்துப் பெல்லன்பெந்திபெலஸ்ஸவில், பலாங்கொடை மனிதர் எனப்படும் கற்கால வேட்டுவரின் எச்சங்களோடு நாயின் எச்சங்களும் கிடைத்துள்ளன. 1950களில் பி. இ. பி. தெரணியகல அகழ்ந்த அவ்விடம் பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையது. விசயன் வந்ததாகக் கூறப்படும் காலத்துக்கும் அது மிக முற்பட்டது!

இத்துணைப் பழங்குடிக்கு ஐரோப்பியர் இட்ட பெயரோ, தமிழகத்தில் ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பெயர். அப்பெயரின் சுமையைத் தாங்கிய மக்களுட் பலர் தோட்டங்களுக்கு வந்து லயங்களில் வாழ்ந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. பங்களாக்களில் வளர்ந்த 'சாதி' நாய்களிற் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்ட இனங்கள். மரபணு வேறுபாட்டின் வளம் ஊர்நாய்களிடத்தே மிகுதி என்பது இன்றைய ஆய்வாளர் முடிபு.

இனி, நாய் மனிதனை அறியும் திறம். ஒளித்துவைத்த உணவை மனிதன் விரலாற் சுட்டினால், ஓநாயினும் மனிதக்குரங்கினும் நாயே அக்குறிப்பை நன்கு உணர்கிறதென்று பிரையன் ஹேரும் அவருடன் ஆய்ந்தோரும் 2002இல் காட்டினர். இது பழக்கத்தால் வந்ததோ, குருதியிலேயே ஊறியதோ? கொல்கத்தாவைச் சார்ந்த அனிந்திதா பத்ராவின் குழுவினர் எவரும் பழக்காத தெருநாய்களையே சோதித்து, 2020இல் முடிபை வெளியிட்டனர். அருகில் வந்த நாய்களிற் பெரும்பாலானவை சுட்டிய திசையிலேயே சென்றன. பாதியளவானவை அருகே வரவேயில்லை.

அவை வாராமைக்குக் காரணம் தேட நான் கொல்கத்தா செல்லவேண்டியதில்லை. விடியலிற் பால்வெட்டப் போகும் பெண்ணின் பின்னே, அவள் கையசைத்த வழியில் ஓடும் லயத்து நாய், பாதையில் அயலான் ஒருவன் குனிந்தமாத்திரத்தே, அவன் கை கல்லைத் தொடுமுன்னரே, தேயிலைச் செடிகளுக்குள் மறைந்துவிடுகிறது.