முதலிடம் தந்தவர் யார்?

“இந்த வாரம் முதலிடம் பெற்ற பாடல்” என்று அறிவிப்பாளர் சொல்ல நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த இடத்தை வழங்கியவர் யார்? எதை எண்ணி வழங்கினார்? அமெரிக்க ராக் இசையின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பில்போர்ட் என்பது 1894-இல் சின்சினாட்டி நகரில் தொடங்கிய வணிக இதழ். 1940-இல் அது இசைத்தட்டு விற்பனைப் பட்டியலை வெளியிட்டது. 1958 ஆகஸ்டில், விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, நூறு பாடல்களை வரிசைப்படுத்தத் தொடங்கியது. பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட சிறு தட்டுகளுக்கே அக்காலத்தில் அப்பட்டியலில் இடம் இருந்தது.

ஆனால் காலம் மாறியது. ஒரே நிறுவனம் தன் ஏ.எம். நிகழ்ச்சிகளையே எஃப்.எம். அலைவரிசையிலும் நாள் முழுவதும் ஒலிபரப்பக் கூடாதென, பெரிய நகரங்களுக்கு 1964-இல் விதி வந்தது. எஃப்.எம். நிலையங்களுக்குப் புதிய நிகழ்ச்சிகள் தேவைப்பட்டன. 1967-இல் சான் பிரான்சிஸ்கோவில் டாம் டானகியூ என்பவர், ஆல்பம் எனப்படும் பெரிய இசைத்தட்டுகளிலிருந்து நீண்ட பாடல்களை ஒலிக்கச் செய்தார். பிற நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. லெட் செப்பலின் குழுவினர் 1971-இல் வெளியிட்ட ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ ஏறத்தாழ எட்டு நிமிடப் பாடல். வானொலி நிலையங்கள் அதை ஓயாமல் ஒலிபரப்பின. ஆயினும் அமெரிக்காவில் அது சிறு தட்டாக விற்பனைக்கு வரவில்லை. ஆகவே நூறு பாடல் பட்டியலில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. நாடே கேட்ட பாடல், கணக்கில் இல்லாத பாடலாயிற்று!

இக்குறையைப் போக்க 1981 மார்ச்சில் பில்போர்ட் இரண்டு பட்டியல்களைத் தொடங்கியது. ராக் நிலையங்களில் மிகுதியாக ஒலித்த 50 ஆல்பங்கள் ஒன்றில். 60 பாடல்கள் மற்றொன்றில். ஆல்பப் பட்டியல் 1984-இல் நின்றுவிட்டது. பாடல் பட்டியலோ, பெயர் மாறி நிலைத்தது.

இன்னொரு கேள்வியும் உண்டு. எது ஒலித்தது என்பதற்குச் சான்று, நிலையத்தார் தாமே தந்த அறிக்கைதான். கையூட்டுப் பெற்றுப் பாடல்களை ஒலிபரப்பிய செய்தி 1959-இல் அம்பலமாகி, மறைவாகப் பணம் பெறுவது 1960-இல் குற்றமாக்கப்பட்டது. எனினும் அறிக்கையில் எழுதியதெல்லாம் உண்மையிலேயே ஒலித்ததா என்ற ஐயம் தீரவில்லை. 1990-களில்தான், ஒலிபரப்பைக் கேட்டுப் பாடலை அடையாளம் காணும் கணினி முறை அந்தக் கணக்கை ஏற்றது.

நேயர்களே, பட்டியல் பொய் என்று நாம் சொல்லவில்லை. எண்ணப்பட்டதை மட்டுமே அது காட்டும். எண்ணப்படாதது மக்கள் மனத்தில் இருந்தும் ஏட்டில் இராது. இனி “முதலிடம்” என்ற சொல்லைக் கேட்கும்போது, எண்ணியவர் யார், எதை எண்ணினார் என்றும் கேட்டுப் பழகுவோம்.