கத்தரி பட்ட காவி

முழுசாக, புத்தம் புதுசாக ஒரு துணியை உங்கள் கையில் கொடுத்து, ''இதைத் துண்டு துண்டாக வெட்டி, மறுபடியும் ஒட்டுப்போட்டுத் தைத்து, அப்புறம் உடுத்திக்கொள்ளுங்கள்'' என்று ஒருவர் சொன்னால், அவரைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?

சொன்னவர் புத்தர்!

அவர் பேச்சைக் கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் ஒட்டுத் துணி உடுத்தி நடமாடிய ஊர்களில் ஒன்று காஞ்சிபுரம். ஆமாம், கல்யாணப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு பஸ் பிடித்துப் போகிறோமே... அதே காஞ்சிபுரம்தான்.

ஆரம்ப காலத்தில் பிக்குகளுக்குத் துணிப் பிரச்னையே கிடையாது. குப்பைமேட்டில் கிடந்தது, சுடுகாட்டில் பிணத்தின் மேலிருந்து எறியப்பட்டது என்று பொறுக்கியெடுத்து, துவைத்து, ஒட்டுப்போட்டு, காவிச் சாயம் ஏற்றிக்கொண்டார்கள். சிக்கலை உண்டாக்கியவர் ஜீவகர் என்கிற ராஜவைத்தியர். தனக்குக் கிடைத்த உயர்ந்த ரகத் துணியைப் புத்தரிடம் நீட்டி, ''இல்லறத்தார் கொடுக்கும் துணியையும் பிக்குகள் வாங்கிக்கொள்ள அனுமதிக்க வேண்டும்'' என்று கேட்டார். புத்தரும் சம்மதித்தார். அவ்வளவுதான், ஊர் ஜனங்கள் துணியாகக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள்!

ஒருநாள் மகத தேசத்து வயல்களைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார் புத்தர். பாத்தி பாத்தியாக நெல் வயல், நடுவே குறுக்கும் நெடுக்கும் வரப்பு. பக்கத்தில் வந்த ஆனந்தரிடம், ''இதே மாதிரி பிக்குகளுக்கு ஆடை தைக்க முடியுமா?'' என்று கேட்டார். ஆனந்தர் தைத்தே காட்டினார். பெரிய துண்டு ஒன்று, அதில் பாதியளவில் சின்னத் துண்டு ஒன்று. இரண்டையும் சேர்த்தால் ஒரு பட்டை. அடுத்த பட்டையில் பெரியது, சின்னது இடம் மாறும். அப்போதுதான் தையல்கள் நேர்க்கோட்டில் வராமல் நிஜ வரப்பு மாதிரியே விலகி விலகி நிற்கும். குறைந்தது ஐந்து பட்டை, சுற்றிலும் ஒரு கரை. தீர்ந்தது வேலை.

காரணத்தை விநய நூலே சொல்கிறது. கத்தி பட்ட துணி கரடுமுரடாகிவிடும், துறவிக்கு அதுதான் பொருத்தம், வேறு எவனுக்கும் அதன் மேல் ஆசை வராது! நான் காமர்ஸ் படித்தவன். ஒரு பொருளின் விலையை எப்படி ஏற்றுவது என்றுதான் மூன்று வருஷமும் சொல்லிக்கொடுத்தார்கள். வேண்டுமென்றே இறக்குவதற்கும் ஒரு டெக்னிக் இருக்கிறது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

(தையல்கடைத் துணுக்குகளை வைத்துக்கொண்டு, படமோ அளவோ இல்லாமல், கண் போன போக்கில் மெத்தை விரிப்பு தைக்கும் கலை இப்போது உலகம் முழுக்கப் பிரபலம். புதிதாகத் தைக்க உட்காருபவர்களுக்கு ஆனந்தரின் வழியைவிடச் சுலபமானது கிடையாது. துணுக்குகளைச் சேர்த்து ஒரே அகலத்தில் நீளநீளப் பட்டைகள், பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரே நிறத்தில் மெல்லிய 'வரப்பு', கடைசியில் கரை. சாதாரண ஓட்டுத் தையலே போதும்!)

காஞ்சிக்கு வருவோம். 640-ஐ ஒட்டி இந்தப் பக்கம் வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட திராவிட தேசத்தில் நூறு விகாரைகளும் பத்தாயிரம் பிக்குகளும் இருப்பதாக எழுதியிருக்கிறார். ஆளுக்கு மூன்று ஆடை என்பது சங்கத்தின் விதி. அவர் கணக்கை நம்பினால், முப்பதாயிரம் ஒட்டுத் துணிகள்!

அவர் சொல்லும் இன்னொரு கதை சுவாரஸ்யமானது. காஞ்சியில் ஒரு மந்திரியின் மூத்த மகனுக்கு ராஜா தன் பெண்ணையே கட்டிவைக்க முடிவு செய்கிறார். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மாப்பிள்ளை புத்தர் சிலைக்கு முன்னால் நின்று மனமுருகி வேண்ட, ஒரு தெய்வம் அவரைத் தூக்கிக்கொண்டு போய் எங்கோ ஒரு மலை விகாரையில் விட்டுவிடுகிறது. கல்யாணப் பையன் காவி கட்டிவிட்டான்! பிற்பாடு நாலந்தாவின் தலைவராக உயர்ந்த தர்மபாலர்தான் அவர். யுவான் சுவாங்குக்கு நாலந்தாவில் பாடம் சொன்ன சீலபத்திரர், இந்தத் தர்மபாலரின் சீடர். நம் மணிமேகலையும் கடைசியில் தவம் பூண்டு அறம் கேட்டது காஞ்சியில்தான்.

காஞ்சியில் பிறந்ததாகச் சொல்லப்படும் இன்னொருவர் போதிதர்மர். 2011-ல் 'ஏழாம் அறிவு' வந்த பிறகு இதைச் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கின்றன. ஆனால், 547 வாக்கில் எழுதப்பட்ட ஒரு சீனக் குறிப்பு அவரைப் பாரசீகர் என்கிறது. அவருடைய சீடர் வட்டத்தைச் சேர்ந்த தான்லின், தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறார். காஞ்சி என்று ஊரையே குறிப்பிடுவது பிற்கால மரபு. ஆக, உரிமை கொண்டாடுவதில் கொஞ்சம் நிதானம் நல்லது.

ஜென் நூல்களின்படி, போதிதர்மரின் ஆடை குருவிடமிருந்து சீடனுக்கு என்று கைமாறிக்கொண்டே வந்தது. ஐந்தாவது குரு அதைக் கொடுத்தது ஹூய்நெங் என்பவருக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர், மடத்தில் நெல் குத்திக்கொண்டிருந்த ஆள். ராத்திரியில் ரகசியமாகக் கொடுத்து, ''தெற்கே ஓடிப் போய்விடு'' என்றார் குரு. ஏன்? ஆடையைப் பிடுங்க நூற்றுக்கணக்கான பிக்குகள் துரத்தினார்கள்! எவனும் ஆசைப்படக்கூடாது என்று வெட்டித் தைத்த துணிக்காக, உயிருக்குப் பயந்து ஓட்டம். முதலில் நெருங்கியவர் ஒரு முன்னாள் படைத்தளபதி. ஹூய்நெங் ஆடையைப் பாறை மேல் வைத்துவிட்டு விலகினார். தளபதியால் அதைத் தூக்க முடியவில்லையாம். 713-ல் இறந்த ஹூய்நெங், அந்த ஆடையை யாருக்கும் கொடுக்கவில்லை என்கிறது மரபு.

சரி, காஞ்சி பிக்குகளின் ஆடை ஒன்றாவது மிஞ்சியதா? நம் வெயிலும் மழையும் கரையானும் விடுமா... கல் மட்டுமே மிச்சம். காஞ்சியில் கிடைத்த புத்தர் சிலைகளைப் பற்றி 1915-ல் கோபிநாத ராவ் எழுதினார். துணியைப் பார்க்கவேண்டுமானால், பாலைவன ஓரத்து துன்ஹுவாங் குகையிலிருந்து 1907-ல் ஆரல் ஸ்டைன் எடுத்துப் போன பட்டுத் துண்டு ஒட்டு வேலை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

அதைவிட அதிசயம் ஜப்பானில், நாரா நகரத்து ஷோசோயின் என்கிற மரக் களஞ்சியத்தில். 756-ல் ஷோமு சக்கரவர்த்தி இறந்து நாற்பத்தொன்பதாம் நாள், அவருடைய அருமையான பொருட்களை எல்லாம் பட்டத்தரசி கோம்யோ, புத்தருக்குக் காணிக்கையாக்கினார். கூடவே ஒரு லிஸ்ட். அதில் வாள், கண்ணாடி, வீணை வகைகள் எல்லாம் உண்டு. ஆனால், முதல் வரிசையில் இருப்பவை ஒன்பது காவி ஆடைகள். அவற்றில் சில, கோணல்மாணலாக வெட்டிய பலநிறப் பட்டுத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கி நெருக்கி ஓட்டுத் தையல் போட்டவை. தூரத்திலிருந்து பார்த்தால் மரப்பட்டை போலத் தெரியும். லிஸ்ட்டிலும் 'மரப்பட்டை நிறம்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள்!