வரைபடமும் மூல நிரலும்: இருவழி மாற்றத்தின் வரலாறு

படத்திலிருந்து மூல நிரலை இயந்திரமே எழுதுவதும், எழுதிய நிரலிலிருந்து படத்தை மீட்பதும் ஆகிய இருவழி வித்தையில் பின்னதே முந்திக் கைகூடியது விசித்திரமே. ஐபிஎம் நிறுவனத்து லோயிஸ் ஹைப்ட், நிரலைப் படித்துப் பாய்வுப்படம் தீட்டும் முறையை 1959-இல் விவரித்தார். சில ஆண்டுகளில் மார்ட்டின் கோயட்ஸ் அத்தகைய 'ஆட்டோஃப்ளோ' மென்பொருளை விற்பனைக்கே கொண்டுவந்தார். முதலில் படம், பிறகு நிரல் என்பது சாஸ்திரம். வேலை முடிந்தபின் படம் வரைந்து கோப்பில் சேர்ப்பதே அனுஷ்டானம் என்பதை ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார்.

1997-இல் யூஎம்எல் என்னும் வரைபட மொழி பொதுத்தரமாக அங்கீகரிக்கப்பட்டபின் முன்வழியும் பிரபலமாயிற்று. எனினும் வகுப்புப் படம் ஈன்றது பெரும்பாலும் எலும்புக்கூடே. சதையைக் கையால் சேர்த்தபின் படமும் நிரலும் ஒன்றையொன்று விட்டு விலகின. புனேயில் 1981-இல் நிறுவப்பட்ட டாடா ஆராய்ச்சி மையத்தில் உருவான 'மாஸ்டர்கிராஃப்ட்', மாதிரிகளிலிருந்து பெரும் வணிகச் செயலிகளின் நிரலை ஆக்க முனைந்த இந்தியப் பிரயத்தனமாகும்.

இவ்வளவு ஆரவாரமின்றி, தொழிற்சாலைகளில் இதே காரியம் முன்பே நடந்தேறிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு 1968-இல் ரிலேக்களுக்கு மாற்று தேடியபோது, டிக் மோர்லி முதலானோர் அமைத்த மோடிகான் 084 என்னும் பிஎல்சி (நிரலேற்றத்தக்க தர்க்கக் கட்டுப்படுத்தி), எலக்ட்ரீஷியன்கள் பழகிய ஏணிப்படத்தையே நிரலாக ஏற்றுக்கொண்டது. மணவாள நகரையும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டையும் போன்ற ஆலை வட்டாரங்களில் 'லேடர்' என வழங்குவது இதுவே; நின்றுபோன இயந்திரத்தருகே மடிக்கணினியை விரித்து, எந்தத் தொடுப்பு மூடவில்லையென்று பிஎல்சி-க்குள் பார்க்கும் பராமரிப்பாளருக்குப் படமும் நிரலும் வெவ்வேறல்ல.

ஆயினும் இங்கும் மீள்வழி சுலபமன்று. சீமன்ஸின் ஸ்டெப் 7 மென்பொருளில் ஏணிப்படம் முழுவதையும் கட்டளைப் பட்டியலாகக் காணலாம். ஆனால் கட்டளையாக எழுதியவை யாவும் ஏணியாக விரிவதில்லை, ஏனெனில் எழுத்தின் சுதந்திரம் கட்டங்களுக்குள் அடங்காது. பழைய பிஎல்சி-யிலிருந்து நிரலை மீட்டெடுப்பவருக்குத் தொடுப்புகள் கிடைக்கும். முந்தைய பொறியாளர் தம் கணினியில் வைத்திருந்த பெயர்களும் குறிப்புகளும் பெரும்பாலும் கிடைக்கமாட்டா. பிஎல்சி-க்கு நிரலெழுத ஐந்து மொழிகளை வகுத்த ஐஇசி 61131-3 தரம் 1993-இல் வெளியாயிற்று. அதன் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் வழக்கொழிய வேண்டியதாக அறிவிக்கப்பட்டது கட்டளைப் பட்டியலேயன்றி ஏணிப்படமன்று.