கலிபோர்னியாவின் கவுண்டிகளும் அவற்றின் பெயர்களும்

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா மாநிலம் 58 கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கவுண்டி என்பது மாநில அரசுக்கும் நகராட்சிக்கும் இடைப்பட்ட ஆட்சிப் பிரிவு. நிலப் பதிவு, சொத்து வரி, தேர்தல், சிறை, பொதுச் சுகாதாரம் ஆகியவை இதன் பொறுப்பில் வருகின்றன. மக்கள் தேர்ந்தெடுக்கும் மேற்பார்வையாளர் குழு கவுண்டியை நடத்துகிறது. காவலுக்கு ஷெரிஃப் உண்டு. 2020 கணக்கெடுப்பின்படி லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 1,00,14,009 பேரும் ஆல்பைன் கவுண்டியில் 1,204 பேரும் வசித்தனர்.

கவுண்டிப் பெயர்களில் பாதிக்கு மேல் ஸ்பானிய மொழியைச் சேர்ந்தவை. மற்றவை பழங்குடி மொழிகளிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்தவை. பெரும்பாலான பெயர்கள் கவுண்டிக்கென்று புதிதாகச் சூட்டப்பட்டவை அல்ல. அங்கே ஓடிய ஆற்றுக்கோ, விரிகுடாவுக்கோ, ஊருக்கோ முன்பே வழங்கிய பெயரைக் கவுண்டி எடுத்துக்கொண்டது.

உருவாக்கம்

1848 சனவரியில் கொலோமாவில் தங்கம் கிடைத்தது. அடுத்த மாதமே மெக்சிகோ இந்நிலப்பகுதியை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. தங்கம் தேடி மக்கள் குவிந்த நிலையில், சான் ஹோசேயில் கூடிய முதல் சட்டமன்றம் 1850 பிப்ரவரி 18 அன்று 27 கவுண்டிகளை உருவாக்கியது. கலிபோர்னியா ஒன்றியத்தில் மாநிலமாகச் சேர்ந்தது அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்றுதான். ஆகவே இந்த 27 கவுண்டிகளும் மாநிலத்துக்கு மூத்தவை.

பெயர்களை ஆராய அமைத்த குழுவுக்குச் செனட்டர் மரியானோ குவாடலூப்பே வயேஹோ தலைமை தாங்கினார். மெக்சிகோ ஆட்சியில் படைத் தலைவராக இருந்த இவர், ஒவ்வொரு பெயரும் எங்கிருந்து வந்தது என்று விளக்கும் அறிக்கையை 1850 ஏப்ரலில் அளித்தார். கலிபோர்னியக் கவுண்டிப் பெயர்களைப் பற்றிப் பின்னர் எழுதியவர்கள் பலரும் இந்த அறிக்கையிலிருந்தே தொடங்குகிறார்கள்.

தொடக்கத்தில் மாநிலப் பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மாரிபோசா கவுண்டியாக இருந்தது. அதிலிருந்து பல கவுண்டிகள் பிரிந்ததால் அதைக் 'கவுண்டிகளின் தாய்' என்கிறார்கள். கடைசியாக 1907இல் சான் டியேகோவிலிருந்து இம்பீரியல் கவுண்டி பிரிந்தது.

புனிதர்களும் திருநாள்களும்

ஸ்பானியக் கப்பல் தலைவர்களும் பாதிரியார்களும் ஓர் இடத்தை எந்தப் புனிதரின் நாளில் அடைந்தார்களோ அவர் பெயரையே அந்த இடத்துக்கு வைப்பது வழக்கம். 1602இல் கரையோரமாக வடக்கே சென்ற செபாஸ்டியன் விஸ்கைனோ, நவம்பரில் தான் தங்கிய துறைமுகத்துக்குச் சான் டியேகோ என்று பெயரிட்டார். அது அந்தப் புனிதரின் திருநாள் காலம். அவருடைய தலைமைக் கப்பலின் பெயரும் அதுவே. டிசம்பர் 4, புனித பார்பராவின் நாள். அன்று கடந்த கால்வாய் சாந்தா பார்பரா ஆயிற்று. அடுத்து அடைந்த விரிகுடாவுக்கு, தன்னை அனுப்பிய அரசப் பிரதிநிதியான மான்டெரே பிரபுவின் பெயரைச் சூட்டினார்.

1769 முதல் 1823 வரை பிரான்சிஸ்கன் துறவியர் 21 மிஷன்களை (சமயப் பரப்பு நிலையங்களை) நிறுவினர். சான் லூயிஸ் ஒபிஸ்போ, சாந்தா கிளாரா, சாந்தா குரூஸ் கவுண்டிகளின் பெயர்கள் அவற்றிலிருந்து வந்தவை. வென்சுரா என்பது சான் புவெனவென்சுரா மிஷன் பெயரின் சுருக்கம். சாந்தா குரூஸ் கவுண்டிக்கு 1850 பிப்ரவரியில் பிரான்சிஃபோர்ட்டே என்று பெயரிட்டு, இரண்டே மாதத்தில் மாற்றிவிட்டார்கள்.

ஆறுகள்

மிஷன்கள் கடலோரத்தில் அமைந்தன. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் ஆறுகளுக்குப் பெயர் வைத்தவர்களில் முக்கியமானவர் கேப்ரியல் மொராகா என்ற படை அதிகாரி. 1806இல் அவரது குழு வறண்ட நிலத்தில் நெடுந்தொலைவு நடந்து அடைந்த ஆற்றுக்கு இரக்கத்தின் அன்னை பெயரைச் சூட்டியது, அதுவே மெர்செட். பட்டாம்பூச்சிகள் மொய்த்த இடம் மாரிபோசா ஆனது. கரையில் மனித மண்டையோடுகள் கிடந்ததால் ஓர் ஆறு கலவெராஸ் எனப்பட்டதாகச் சொல்வார்கள். இந்தக் கவுண்டியின் பெயரை 1865இல் வெளிவந்த மார்க் ட்வெயினின் தவளைக் கதை உலகறியச் செய்தது.

இயேசு பிறப்புக் கதையில் வரும் மூன்று ராஜாக்களின் பெயரால் அழைக்கப்பட்ட ஆறு ஆங்கிலத்தில் கிங்ஸ் ஆகி, 1893இல் கவுண்டிக்கும் பெயரானது. பிளூமாஸ் கவுண்டியின் கதை இதற்கு நேர்மாறு. 1820இல் லூயிஸ் ஆர்குவெயோ நீர்ப்பறவைகளின் இறகுகள் மிதந்துவரக் கண்டு ஓர் ஆற்றுக்கு இறகு ஆறு என்று பெயரிட்டார். ஆறு இன்று ஆங்கிலத்தில் ஃபெதர் என்று வழங்க, கவுண்டி ஸ்பானியப் பெயரை வைத்துக்கொண்டது.

டிரினிட்டி கவுண்டியின் பெயர் ஒரு தவறான ஊகத்தில் பிறந்தது. 1845இல் பியர்சன் ரீடிங் என்பவர், மலைகளுக்கு நடுவே தான் கண்ட ஆறு டிரினிடாட் விரிகுடாவில் கலக்கும் என்று கருதி, அதன் பெயரை ஆங்கிலமாக்கி ஆற்றுக்கு வைத்தார். அந்த ஆறோ கடலுக்கே போவதில்லை. கிளாமத் ஆற்றில் சேர்கிறது.

பழங்குடிகளின் பெயர்கள்

நாபா, சொனோமா, யோலோ, டுவாலமி, கொலூசா, மோனோ, மோடோக், இன்யோ போன்றவை பழங்குடிகளோடு தொடர்புடைய பெயர்கள். அவற்றைக் காதால் கேட்டு எழுதியவர்கள் வேற்று மொழியினர். எழுத்துக்கூட்டல் ஆளுக்கொன்றாக இருந்தது. இவற்றில் பலவற்றின் பொருள் இன்றும் விவாதத்துக்குரியது. மோடோக் மக்கள் 1872–73இல் அமெரிக்கப் படையை எதிர்த்துப் போரிட்டார்கள். அவர்களின் தலைவர் கிண்ட்புவாஷ் 1873 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே அந்த மக்களின் பெயரில் ஒரு கவுண்டி அமைந்தது.

சொலானோ, ஸ்டானிஸ்லாஸ் இரண்டும் கேட்பதற்கு ஐரோப்பியப் புனிதர் பெயர்கள். ஆனால் இரண்டும் ஞானஸ்நானம் பெற்ற பழங்குடித் தலைவர்களைக் குறிக்கின்றன. சுய்சுன் மக்களின் தலைவர் செம்-யெட்டோவுக்கு மிஷனில் கிடைத்த பெயர் பிரான்சிஸ்கோ சொலானோ. அவர் வயேஹோவின் நெருங்கிய கூட்டாளி. வயேஹோவின் விருப்பப்படியே கவுண்டி அவர் பெயரைப் பெற்றது. எஸ்டானிஸ்லாவ் சான் ஹோசே மிஷனிலிருந்து வெளியேறி, மெக்சிகோ அரசை எதிர்த்துக் கிளர்ந்தவர். 1829இல் அவரை ஒடுக்கச் சென்ற படையை நடத்தியவர் அதே வயேஹோ. அந்தப் போர் நடந்த ஆறு தலைவரின் பெயரைப் பெற, 1854இல் கவுண்டியும் பெற்றது. நண்பர், எதிரி இருவருக்கும் கவுண்டி உண்டு. வயேஹோவின் பெயரிலோ சொலானோ கவுண்டியில் ஒரு நகரம் மட்டுமே உள்ளது.

தங்கமும் விளைநிலமும்

எல் டொராடோ என்பது ஸ்பானியர்கள் தேடிய கற்பனைப் பொன்னாட்டின் பெயர். கொலோமா இருக்கும் கவுண்டிக்கு அது பொருத்தமாக அமைந்தது. பிளாசர் என்பது தங்கம் கலந்த ஆற்று மணல் படிவைக் குறிக்கும். 1851இல் அமைந்த நெவாடா கவுண்டி ஒரு சுரங்க ஊரின் பெயரைக் கொண்டது. பக்கத்திலுள்ள நெவாடா ஆட்சிப்பகுதி அப்பெயருடன் உருவானது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான்.

தங்கம் குறைந்து வேளாண்மை வளர்ந்த பிறகு பெயர்களின் தன்மையும் மாறியது. 1891இல் வந்த கிளென் கவுண்டி, பெரும் கோதுமைப் பண்ணையாளர் ஹியூ கிளென்னின் பெயரைத் தாங்குகிறது. 1889இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பிரிந்த ஆரஞ்சு கவுண்டியின் பெயர், இளஞ்சூடான செழிப்பு நிலம் என்ற எண்ணத்தை உண்டாக்கிக் குடியேறுபவர்களை ஈர்ப்பதற்காக வைத்தது. இம்பீரியல் என்பது ஒரு நில விற்பனை நிறுவனத்தின் பெயர். கொலராடோ ஆற்று நீரைக் கால்வாயில் கொண்டுவந்து பாலைநிலத்தைப் பண்ணையாக்கிய காலத்தில், அந்தப் பள்ளத்தாக்கும் அதன் பின் கவுண்டியும் அந்தப் பெயரை ஏற்றன.

எல்லை மாற்றங்களும் மறைந்த கவுண்டியும்

எல்லைகள் நகர்ந்தபோது பெயர்கள் உடன் நகரவில்லை. கான்ட்ரா கோஸ்டா என்றால் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரை. அந்த நகரத்துக்கு நேர் எதிரேயுள்ள ஓக்லாந்து பகுதி 1853இல் அலமேடா கவுண்டிக்குப் போய்விட்டது. பியூட் கவுண்டி, சட்டர் பியூட்ஸ் என்னும் குன்றுக்கூட்டத்தின் பெயரைக் கொண்டது. அந்தக் குன்றுகள் இன்று இருப்பது சட்டர் கவுண்டியில். ஹம்போல்ட் கவுண்டிக்குப் பெயர் தந்த ஜெர்மானிய அறிஞர் அலெக்சாந்தர் வான் ஹம்போல்ட் கலிபோர்னியாவுக்கு வந்ததே இல்லை. அங்குள்ள விரிகுடாவுக்கு மாலுமிகள் வைத்த பெயர் அது.

முழுவதும் கலைக்கப்பட்ட ஒரே கவுண்டி கிளாமத். 1851இல் வடமேற்கு மூலையில் உருவான அது, தங்க வரவு குறைந்து கடனில் மூழ்கியதால் 1874இல் கலைக்கப்பட்டு அண்டைக் கவுண்டிகளுக்குப் பங்கிடப்பட்டது. கலிபோர்னியாவில் அந்தப் பெயர் இப்போது எந்தக் கவுண்டிக்கும் இல்லை; ஆறு, ஊர் போன்றவற்றுக்கு வழங்குகிறது. ஆனால் 1882இல் எல்லைக்கு வடக்கே ஆரிகன் மாநிலம் உருவாக்கிய கிளாமத் கவுண்டி இன்றும் இருக்கிறது.