மேசைக்கணினியில் செயலி தொடக்கிகள்

கணினியில் நிறுவியிருக்கும் செயலிகளில் வேண்டியதை எடுத்து ஓடவிட உதவும் இடைமுகப் பகுதி செயலி தொடக்கி எனப்படும். விண்டோஸின் ஸ்டார்ட் மெனு, மேக் கணினியின் டாக், ஸ்பாட்லைட் தேடல், லினக்ஸில் க்னோம், கேடிஇ தரும் செயலிப் பட்டியல்கள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இது சின்ன வேலைதான், ஆனால் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கிறது. அதனால் இதை மாற்றும்போது பயனர்கள் காட்டும் கோபமும் பெரிதாகவே இருந்து வந்திருக்கிறது.

செயலியைத் தேடி வருபவர் மூன்று நிலைகளில் ஒன்றில் இருப்பார். தினமும் திறப்பது என்றால் அது எங்கே இருக்கிறதென்று கைக்கே தெரியும். எப்போதாவது திறப்பது என்றால் பெயர் நினைவிருக்கும், இடம் மறந்திருக்கும். சிலருக்குப் பெயரும் தெரியாது, செய்ய வேண்டிய வேலை மட்டுமே தெரியும். முதலாமவருக்கு வேண்டியது நகராத இடம். இரண்டாமவருக்குத் தட்டச்சுத் தேடல் போதும். மூன்றாமவருக்கு ஒழுங்காகப் பகுத்த பட்டியல் வேண்டும். ஒருவரை மனத்தில் வைத்து மற்ற இருவரையும் கைவிட்ட வடிவமைப்புகளே பெரும்பாலும் எதிர்ப்பைச் சந்தித்தன.

தொடக்கியே இல்லாத மேசை

செயலியைத் தொடங்குவது என்ற எண்ணமே பயனருக்கு வேண்டாம் என்று கருதியவர்களும் உண்டு. 1981இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியில் பயனர் ஆவணத்தைத் திறந்தார், அதற்குரிய நிரல் தானாக இயங்கியது. 1983இல் வந்த ஆப்பிள் லிசாவில் எழுதுதாள் கட்டு போன்ற ஒரு சின்னம் இருந்தது. அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்தெடுத்தால் புது ஆவணம் பிறக்கும். அழகான யோசனை. ஆனால் கணக்குப்பொறி, விளையாட்டு, அரட்டை போன்றவற்றுக்கு ஆவணமே கிடையாது. தனித்தனி நிறுவனங்கள் மென்பொருளைப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியதும் செயலியின் பெயரே முன்னுக்கு வந்தது. ஆவணத்தை மையமாக்கி ஆப்பிள் மீண்டும் முயன்ற ஓபன்டாக் திட்டம் 1997இல் கைவிடப்பட்டது.

ஸ்டார்ட் பொத்தான்

1990இல் வந்த விண்டோஸ் 3.0இல் புரோகிராம் மேனேஜர் என்ற சாளரத்துக்குள் குழுச் சாளரங்களும் அவற்றுக்குள் ஐகான்களும் இருந்தன. ஒரு சாளரம் இன்னொன்றை மறைத்துவிட்டால் புதியவர்களுக்கு அடியில் இருப்பது காணாமல் போனதாகவே பட்டது. இரட்டைச் சொடுக்கு என்று ஒன்று உண்டு என்பதும் யாராவது சொல்லாமல் தெரிவதில்லை.

இதை மாற்ற மைக்ரோசாஃப்ட் செய்த வேலை, இடைமுக வடிவமைப்பு வரலாற்றில் நன்கு பதிவான ஒன்று. விண்டோஸ் 95க்கான முதல் மாதிரியில் திரையின் அடியில் மூன்று பொத்தான்கள் இருந்தன. ஒன்று கணினிக்கு, ஒன்று தேடலுக்கு, ஒன்று உதவிக்கு. புதியவர்களுக்கு மட்டும் எளிய இடைமுகம் ஒன்றைத் தனியாகத் தருவது பற்றியும் சோதித்தார்கள். அதில் பழகியவர் பிறகு உண்மையான இடைமுகத்தை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும் என்பதால் அதை விட்டுவிட்டார்கள். கணினியின் முன் உட்காருபவருக்கு முதலில் எதைத் தொடுவது என்பதே தெரியவில்லை என்று சோதனைகள் காட்டின. எல்லாவற்றையும் ஒரே பொத்தானுக்குள் அடக்கி, அதன்மேல் 'ஸ்டார்ட்' என்று எழுதியதும் அந்தத் திகைப்பு பெரிதும் தீர்ந்தது. 1995 ஆகஸ்ட் 24 அன்று விற்பனைக்கு வந்தபோது அந்தப் பொத்தானே விளம்பரத்தின் முகமாகவும் ஆனது. கணினியை அணைக்கவும் 'ஸ்டார்ட்'டைத்தான் அழுத்த வேண்டும் என்ற கேலியும் அன்றே பிறந்துவிட்டது.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 2012இல் வந்த விண்டோஸ் 8 இந்தப் பொத்தானை எடுத்துவிட்டது. அதனிடத்தில் திரையின் கீழ் இடது மூலையில் சுட்டிக்குப் பதிலளிக்கும், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடம் இருந்தது. அங்கே சுட்டியைக் கொண்டுபோய்ச் சொடுக்கினால் திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும் ஓடுகள் விரியும். கைக்கணினிக்கு அது பொருந்தியது. மேசையில் ஒரு கணக்கேட்டைத் திறந்து வைத்திருந்தவருக்கோ, இன்னொரு செயலியை எடுக்கப் போகும்போது செய்துகொண்டிருந்த வேலையே கண்ணிலிருந்து மறைந்தது. 2013இல் 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. மெனு திரும்பி வர 2015இல் விண்டோஸ் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நகராத இடம்

ஓர் இலக்கைச் சென்றடைய ஆகும் நேரம் அதன் தூரத்தையும் அளவையும் பொறுத்தது என்று 1954இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் காட்டினார். திரையின் விளிம்பு சுட்டியைத் தடுத்து நிறுத்துவதால், விளிம்பிலும் மூலையிலும் இருக்கும் பொத்தான்கள் உண்மையான அளவைவிடப் பெரியவை போல நடந்துகொள்கின்றன. விண்டோஸ் 95இல் ஸ்டார்ட் பொத்தானைச் சுற்றி மெல்லிய இடைவெளி இருந்தது. சுட்டியை மூலைக்கே தள்ளி அழுத்தினால் மெனு திறக்காது. பிந்தைய பதிப்புகளில்தான் இது சரியானது. நல்ல இடத்தைப் பிடித்துவிட்டு அதன் பயனை ஓரிரு புள்ளிகளில் இழப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

1980களின் இறுதியில் நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற இயக்குதளத்தில் செயலி ஐகான்களின் வரிசையான டாக் திரையின் வலப்பக்கம் நின்றது. அதன் வழித்தோன்றலான மேக் ஓஎஸ் டென்னின் டாக், திரையின் அடியில் நடுவில் அமர்ந்தது. நடுவில் இருப்பதால் புதிதாக ஒரு செயலி சேர்ந்ததும் மற்றவை இருபுறமும் நகரும். நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை. ஆப்பிளின் தொடக்கக்கால இடைமுக வடிவமைப்பாளரான புரூஸ் டோக்னாஸினி இதைக் கடுமையாகவே விமர்சித்தார்.

கணினி தானே வரிசையை மாற்றுவது இதைவிடத் தொல்லை. விண்டோஸ் 2000இல் நெடுநாள் தொடாத செயலிகள் மெனுவிலிருந்து ஒளிந்துகொள்ளும். அரிதாகத் தேவைப்படுவது, தேவைப்படும் நேரத்தில் கண்ணில் படாது. தானே மாறும் மெனுவைவிட மாறாத மெனுவில் பயனர்கள் வேகமாக வேலை செய்கிறார்கள் என்று லியா ஃபின்ட்லேட்டரும் ஜோவானா மெக்ரெனரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஒரு சமரசம் கண்டிருந்தது. இடது பத்தியின் மேற்பகுதியில் பயனரே குத்தி வைத்தவை நகராமல் இருக்கும், கோட்டுக்குக் கீழே கணினியின் ஊகம். ஊகத்துக்கு எல்லை வகுத்த இந்த ஏற்பாடு, பின்னால் வந்த பலவற்றைவிட நேர்மையானது.

பெயர் தெரிந்தவருக்கு

நெக்ஸ்ட்ஸ்டெப் காலத்தில் பிறந்த லாஞ்ச்பார் என்ற செயலியில் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டினால் போதும். நீங்கள் பட்டியலில் மூன்றாவதைத் தேர்ந்தால், அடுத்த முறை அதே எழுத்துகளுக்கு அதை மேலே கொண்டுவர அது கற்றுக்கொள்ளும். 2003இல் வந்த குவிக்சில்வர் இன்னும் ஒரு படி போனது. முதல் கட்டத்தில் பொருள், இரண்டாவதில் அதை என்ன செய்வது, மூன்றாவதில் எங்கே அல்லது யாருக்கு. செயலியைத் திறக்காமலே கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். 2005இல் ஸ்பாட்லைட்டும், 2007இல் விண்டோஸ் விஸ்டாவின் மெனுவுக்குள் வந்த தேடல் பெட்டியும் இந்தப் பழக்கத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தன.

இங்கும் இடம் மாறுவதே பெரிய சிக்கல். கோப்புகள், அமைப்புகள், இணையம் என்று பல இடங்களிலிருந்து விடைகள் வெவ்வேறு வேகத்தில் வந்து சேரும். என்டரை அழுத்தப் போகும் நொடியில் முதல் வரி மாறிவிட்டால் வேறெதுவோ திறக்கும். உள்ளூர்ச் செயலிகளை முதலில் காட்டி, அவற்றின் இடத்தைப் பிறகு வருபவை பறிக்காதபடி பார்ப்பதே தீர்வு. பல தேடல் பெட்டிகள் இன்றும் இதைச் செய்வதில்லை. 2012இல் உபுண்டு லினக்ஸின் 12.10 பதிப்பு செயலித் தேடலுக்குள் அமேசான் பொருள்களையும் காட்டியது. வீட்டுக்குள் தேடியது வெளியே போகிறதே என்று எதிர்ப்பு எழுந்தது, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை உளவு மென்பொருள் என்றார். 2016இல் வந்த 16.04 பதிப்பில் அது இயல்பாக அணைக்கப்பட்டது.

பெயர் தெரியாதவருக்கு

விண்டோஸின் 'புரோகிராம்ஸ்' பட்டியலில் நெடுங்காலம் செயலிகள் அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் பெயரிட்ட கோப்புறைகளுக்குள் கிடந்தன. மளிகைக் கடையில் பருப்பையும் மிளகாயையும் தனித்தனியே வைக்காமல், எந்த மண்டியிலிருந்து வந்ததோ அந்தப் பெயரில் மூட்டையை அடுக்குவது போன்றது இது. அதே கோப்புறைக்குள் செயலியை நீக்கும் நிரல், படித்துப்பார்க்கச் சொல்லும் கோப்பு, நிறுவனத்தின் இணையதளம் எல்லாம் இருக்கும்.

லினக்ஸ் மேசைத்தளங்கள் இதைச் சற்று நன்றாகவே தீர்த்தன. ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பு வகுத்த தரத்தின்படி ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சிறு விவரக்கோப்பு இருக்கும். அதில் பெயர், ஐகான், வகை, தேடுசொற்கள் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அலுவலகம், கல்வி, வரைகலை, விளையாட்டு என்று மெனு தானே பிரிந்துகொள்ளும். செயலியின் தனிப்பெயருக்குப் பக்கத்தில் 'இணைய உலாவி', 'படம் திருத்தி' என்று பொதுப்பெயரையும் காட்ட முடியும். புதியவருக்கு உண்மையில் உதவுவது இந்தப் பொதுப்பெயர்தான்.

சொடுக்கிய பிறகு

தொடக்கியின் கடமை சொடுக்கோடு முடிவதில்லை. திரையில் எதுவும் நடக்காவிட்டால் பயனர் மறுபடி சொடுக்குவார், இரண்டு சாளரங்கள் திறக்கும். மேக் டாக்கில் ஐகான் துள்ளுவதும், கேடிஇயில் சுட்டியின் அருகே ஐகான் குதிப்பதும் இதற்காகவே. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலியைச் சொடுக்கினால் அதற்கே கூட்டிப்போவதா, புதுச் சாளரம் திறப்பதா என்பது இன்னொரு கேள்வி. 2009இல் விண்டோஸ் 7, மேக்கைப் போலவே தொடங்கும் ஐகானையும் ஓடும் சாளரத்தின் அடையாளத்தையும் ஒன்றாக்கியது. வேண்டிய செயலி ஓடுகிறதா இல்லையா என்று யோசிக்க வேண்டிய தேவை அதோடு போனது.

தமிழ் இடைமுகத்தில்

மேலே சொன்ன விவரக்கோப்பில் பெயரையும் தேடுசொற்களையும் மொழிக்கு மொழி தனித்தனியே எழுதலாம், தமிழுக்கும் இடம் உண்டு. ஆனால் மெனு தமிழில் இருந்தாலும் பலரின் விசைப்பலகை ஆங்கில எழுத்துகளிலேயே நிற்கிறது. 'கணக்குப்பொறி' என்று திரையில் பார்ப்பவர் அதன் ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டும்போது, தேடல் தமிழ்ப் பெயரை மட்டும் ஒப்பிட்டால் ஒன்றும் அகப்படாது. மொழிபெயர்ப்பாளர் தேடுசொற்களின் வரியில் தமிழ்ச் சொற்களோடு மூல ஆங்கிலச் சொற்களையும் விட்டுவைத்தால் இரண்டும் வேலை செய்யும். தமிழில் புழங்கும் பெயர்கள் பல இருக்கும்போது, 'உலாவி', 'பிரவுசர்' இரண்டையும் அதே வரியில் சேர்க்கலாம்.